பலிக்காத சோதனைக்கும் அச்சில் இடம் வேண்டும்

மிதிவண்டிக்குப் போடும் எண் பூட்டு உங்களுக்குத் தெரிந்ததே. அதில் மூன்று வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் 0 முதல் 9 வரை பத்து எண்கள். திறக்கும் எண் மறந்துபோனால் 000, 001, 002 என்று ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதுதான். மொத்தச் சேர்க்கைகள் 10 × 10 × 10 = 1,000. அவற்றுள் ஒன்று பூட்டைத் திறக்கும். மற்ற 999 திறக்கமாட்டா.

நீங்கள் 400 எண்களை முயன்று பார்த்துவிட்டுச் சலித்துப்போய் எழுந்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தங்கை வந்து அந்த வேலையைத் தொடர்கிறாள். முயன்று பார்த்த எண்கள் எவை என்று நீங்கள் சொன்னால் அவளுக்கு மீதி 600 மட்டுமே. சொல்லாவிட்டால் அவளும் 000-லிருந்துதான் தொடங்குவாள். ஆகவே, பூட்டைத் திறக்காத அந்த 400 எண்களும் வீணானவை அல்ல. அவையும் உழைத்துத் தேடிய அறிவே.

வேதியியலில் இத்தகைய தேடலுக்கென்றே ஒரு தனித்துறை உண்டு. கணக்குப் பாடத்தில் சேர்மானவியல் என்ற பகுதி வருகிறது அல்லவா? அதே பெயரால் இத்துறையையும் சேர்மான வேதியியல் எனலாம். ஆங்கிலத்தில் காம்பினேட்டோரியல் கெமிஸ்ட்ரி என்பார்கள். சில அடிப்படைப் பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றை எத்தனை விதமாகச் சேர்க்க முடியுமோ அத்தனை விதமாகவும் சேர்த்து, கிடைக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்து, வேண்டியதைப் பொறுக்கி எடுப்பதே இதன் வழி. இத்துறையின் ஆய்வுகள் அச்சேறிய வரலாற்றைப் படிக்கும்போது ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. திறந்த எண் மட்டும் இதழில் வருகிறது; திறக்காத எண்கள் ஆய்வாளரின் குறிப்பேட்டிலேயே கிடந்து மட்கிப்போகின்றன. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மணலியில் பயன்படும் பழைய அட்டவணை

வட சென்னையில் திருவொற்றியூருக்கு மேற்கே மணலி இருக்கிறது. அங்குள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1966-ல் தொடங்கப்பட்டது. 1971 முதல் உரம் தயாரித்து வருகிறது. 'விஜய்' என்ற பெயர் அச்சிட்ட உர மூட்டைகளைக் கிராமத்து மாணவர்கள் வயலில் பார்த்திருப்பீர்கள். யூரியா செய்ய அமோனியா வேண்டும். அமோனியா செய்யக் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில், உயர்ந்த வெப்பநிலையில், ஒரு வினையூக்கியின் மேல் செலுத்த வேண்டும். அமோனியா ஆலைகளில் பொதுவாகப் பயன்படும் வினையூக்கி, சிறிதளவு அலுமினியம் ஆக்சைடும் பொட்டாசியம் ஆக்சைடும் கலந்த இரும்பு.

'இரும்போடு இவ்விரண்டையும் கலக்க வேண்டும்' என்று யாருக்கு, எப்படித் தெரிந்தது? ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற விஞ்ஞானி 1909-ஆம் ஆண்டு ஜூலையில் ஆஸ்மியம் என்ற உலோகத்தைக் கொண்டு அமோனியா செய்து காட்டினார். ஆஸ்மியமோ மிக அரிய பொருள். அதை வைத்து ஆலை நடத்த இயலாது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் இருந்த ஆல்வின் மிட்டாஷ் என்ற வேதியியலார் மலிவான வினையூக்கியைத் தேடப் புறப்பட்டார். அவர் கையாண்ட முறை எளிது. சிறு சிறு சோதனைக் கலன்கள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்கினார். ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம் அளவே வினையூக்கி. ஒன்றைச் சோதித்து முடித்ததும் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைப் பொருத்தலாம். 1912-ன் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ 2,500 பொருள்களைக் கொண்டு 6,500 சோதனைகள் முடிந்திருந்தன. 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. சேர்மான வேதியியல் என்ற பெயர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதன் முறை பிறந்துவிட்டது எனலாம்.

இந்த 6,500 சோதனைகளில் பலித்தவை மிகச் சிலவே. ஆனால் பலிக்காதவற்றிலிருந்து மிட்டாஷ் ஒரு முக்கியமான உண்மையைக் கற்றார். கந்தகம், பாஸ்பரஸ், குளோரின் ஆகியவை சிறிதளவு கலந்தாலும் இரும்பு தன் வேலையை நிறுத்திவிடுகிறது. அவை வினையூக்கிக்கு நஞ்சு. மணலி ஆலை முதலில் நாப்தாவையும் 2019 முதல் இயற்கை எரிவாயுவையும் மூலப்பொருளாகக் கொண்டது. எதுவாக இருந்தாலும் அதிலுள்ள கந்தகத்தை நீக்கிய பிறகே உள்ளே அனுப்புகிறார்கள். எது பலிக்காது என்ற அறிவு, நூறாண்டுக்கு மேலாகியும் ஒவ்வொரு நாளும் ஆலையைக் காத்து வருகிறது!

மிட்டாஷின் அட்டவணை நிறுவனத்தின் சொத்து. அதை அன்று உலகம் பார்க்க முடியவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா 1919-ல் வாஷிங்டனில் நைட்ரஜன் ஆய்வுக்கென ஓர் அரசு ஆய்வகத்தை அமைத்தது. அங்கிருந்தவர்களும் நல்ல வினையூக்கியைத் தாங்களே தேட வேண்டியிருந்தது. ஒரே பூட்டை இரண்டு பேர் தனித்தனியே, ஒருவர் முயன்றதை மற்றவர் அறியாமல், திருகிக்கொண்டிருந்தார்கள் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

60 வினைகளில் 8,000 பொருள்கள்

சேர்மான வேதியியல் தனித்துறையாக வளர்ந்தது மருந்துகளைத் தேடும் முயற்சியில்தான். 1963-ல் அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் மெரிஃபீல்ட், சிறு பிசின் மணிகளின் மேல் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் முறையை வெளியிட்டார். கோத்த சங்கிலிக்குப் பெப்டைடு என்று பெயர். மிச்சமான கரைசலைக் கழுவிவிட்டால் போதும்; பொருள் மணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்காக அவருக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹங்கேரி நாட்டின் ஆர்பாட் ஃபுர்கா இதில் ஓர் அழகான கணக்கைப் புகுத்தினார். மணிகளை 20 கிண்ணங்களில் சமமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் வெவ்வேறு அமினோ அமிலத்தைக் கோத்துவிடுங்கள். பிறகு எல்லா மணிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, மீண்டும் 20 கிண்ணங்களில் பிரியுங்கள். மறுபடியும் கோத்துவிடுங்கள். இப்படி மூன்று சுற்று செய்தால் நீங்கள் செய்த வினைகள் 20 + 20 + 20 = 60. கிடைத்த பொருள்களோ 20 × 20 × 20 = 8,000! ஐந்து சுற்று செய்தால் வினைகள் 100, பொருள்கள் 32,00,000. உழைப்பு கூட்டலில் வளர்கிறது. விளைவு பெருக்கலில் வளர்கிறது. கணக்கின் ஆற்றலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்தக் கருத்து அச்சேறிய கதை நம் பொருளுக்கு நெருங்கியது. ஃபுர்கா இதை 1982-லேயே எழுதி, புடாபெஸ்ட் நகரில் சான்றுறுதி அலுவலரிடம் பதிவு செய்து வைத்தார். 1988-ல் இரண்டு மாநாடுகளில் அறிவித்தார். ஆய்விதழில் முழுக் கட்டுரையாக வந்தது 1991-ல்தான். அதே 1991-ல் 'நேச்சர்' இதழில் கிட் லாம் குழுவினரும் ரிச்சர்ட் ஹவுட்டன் குழுவினரும் இதே வழியில் அமைந்த தங்கள் ஆய்வுகளை வெளியிட்டார்கள். உலகம் இத்துறையைக் கவனித்தது அப்போதுதான். ஒன்பது ஆண்டுகள் ஒரு நல்ல கருத்து சான்றுறுதி பெற்ற தாளில் உறங்கிக் கிடந்தது. கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கண்டது பிறர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதழ்கள் பிறந்தன, பெயர் மாறின, நின்றன

அதன் பிறகு வெள்ளம் பெருக்கெடுத்தது. இத்துறைக்கென்றே புதிய ஆய்விதழ்கள் தோன்றின. 'மாலிகுலர் டைவர்சிட்டி' 1995-லும், 'காம்பினேட்டோரியல் கெமிஸ்ட்ரி அண்ட் ஹை த்ரூபுட் ஸ்கிரீனிங்' 1998-லும் வந்தன. 1999-ல் அமெரிக்க வேதியியல் கழகமே 'ஜர்னல் ஆஃப் காம்பினேட்டோரியல் கெமிஸ்ட்ரி' என்ற இதழைத் தொடங்கியது. மருந்து நிறுவனங்கள் தங்கள் கிடங்குகளில் எத்தனை இலட்சம் சேர்மங்கள் இருக்கின்றன என்று பெருமை பேசின.

கழகத்தின் அந்த இதழ் 2011-ல் 'ஏ.சி.எஸ். காம்பினேட்டோரியல் சயின்ஸ்' என்று பெயர் மாறியது. மருந்துகளோடு, வினையூக்கிகளும் மற்றப் புதுப் பொருள்களும் அதில் இடம் பெற்றன. 2020-ஆம் ஆண்டு டிசம்பரோடு அது நின்றுவிட்டது. 22 ஆண்டுகள், 22 தொகுதிகள்.

முறை செத்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. அது மற்ற வேதியியல் ஆய்வகங்களில் அன்றாடக் கருவியாகக் கலந்துவிட்டது. ஆனால் தொடக்கத்தில் எழுந்த ஆரவாரம் எண்ணிக்கையைப் பற்றியது என்பதையும் மறுக்க முடியாது. ஆயிரம் பொருள் செய்தோம், பத்தாயிரம் செய்தோம் என்பதே செய்தி ஆயிற்று. அவற்றுள் பல ஒன்றுக்கொன்று மிக ஒத்திருந்தன, பல தூய்மையற்றிருந்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் டேவிட் நியூமன், கார்டன் கிராக் ஆகிய இருவரும் 1981 முதல் 25 ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற மருந்துகளையெல்லாம் ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முழுக்க முழுக்கச் சேர்மான வேதியியலில் பிறந்த மருந்து என்று அவர்கள் சுட்டிக்காட்ட முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சோராஃபெனிப்.

ஒரு மருந்தும் சென்னையில் ஒரு தீர்ப்பும்

சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து சோராஃபெனிப். பேயர் நிறுவனமும் ஆனிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து முதலில் 2,00,000 சேர்மங்களைச் சோதித்தன. ஓரளவு வேலை செய்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் உறுப்புகளை மாற்றி மாற்றி ஏறத்தாழ 1,000 சேர்மங்களைச் செய்தன. அவற்றின் முடிவில் கிடைத்ததே இம்மருந்து. அமெரிக்காவில் 2005-ல் ஒப்புதல் பெற்றது.

இந்தியாவில் ஒரு மாத மருந்துக்குப் பேயர் வைத்த விலை ரூ.2,80,428. ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதை ரூ.8,800-க்குத் தர முன்வந்தது. 2012-ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் கட்டாய உரிமம் அதுவே. பேயர் மேல்முறையீடு செய்தது. அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று அந்த உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அந்த வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டது.

இந்தக் கதையை இங்கே ஏன் சொல்கிறேன்? காப்புரிமை என்பதும் ஒருவகை வெளியீடே. குறிப்பிட்ட காலத்திற்குத் தனியுரிமை தருகிறோம். அதற்கு ஈடாகச் செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடு என்று சட்டம் கேட்கிறது. வெளிப்படையாக எழுதப்பட்ட அறிவு ஒரு நோயாளிக்கு எத்துணைப் பயன்படும் என்பதை மேற்கண்ட இரு விலைகளுமே சொல்லும். ஆனால் காப்புரிமைச் சட்டம் பலித்ததற்கே செய்முறை கேட்கிறது. பலிக்காதவற்றின் பட்டியலை அது கேட்பதில்லை. ஆய்விதழ்களும் கேட்பதில்லை. 2,00,000 சேர்மங்களைச் சோதித்து ஒரு மருந்து கிடைத்தது என்றால், அந்தத் தேடலின் பெரும்பகுதி எங்கே போயிற்று என்ற கேள்வி எழ வேண்டாமா?

கடல் வரைபடம் சொல்லும் பாடம்

எங்கள் பகுதியில் இரண்டு பெரிய துறைமுகங்கள் இருக்கின்றன: சென்னைத் துறைமுகமும், 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகமும். இங்கு வரும் கப்பல் மாலுமியின் மேசைமேல் ஒரு கடல் வரைபடம் இருக்கும். காகிதமாக இல்லாவிட்டால் கணினித் திரையிலாவது இருக்கும். டேராடூனில் உள்ள கடற்படையின் நீரளவியல் அலுவலகம் இத்தகைய வரைபடங்களைத் தயாரித்து வெளியிடுகிறது. அதில் ஆழமான வழி எது என்பது மட்டுமா இருக்கிறது? எண்ணூருக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளும், ஆழம் குறைந்த இடங்களும், மூழ்கிய கப்பல்களின் எச்சங்களும் இடம் விடாமல் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் சில, முன்னே சென்றவர்கள் பட்ட துன்பத்தால் தெரிந்துகொண்டவை. 'கப்பல் போகக்கூடிய இடங்களை மட்டும் குறித்தால் போதும். போக முடியாத இடங்கள் தோல்விகள், அவற்றைக் குறிப்பது வெட்கம்' என்று வரைபடக்காரர் நினைத்தால் மாலுமியின் கதி என்ன?

ஆராய்ச்சி இதழ்களை நாம் அப்படித்தான் நடத்தி வருகிறோம். ஒரு வினை 80 விழுக்காடு விளைச்சல் தந்தால் அச்சேறும். அதே வினை வேறொரு கரைப்பானில் ஒன்றுமே தரவில்லை என்பது அச்சேறாது. புனேயில் ஓர் ஆய்வு மாணவர் ஆறு மாதம் முயன்று கைவிட்ட வினையை, அது தெரியாமல் திருச்சியில் ஒருவர் மறுபடி ஆறு மாதம் முயல்வார். இரண்டு பேரின் இளமையும் பொதுப் பணமும் ஒரே மணல் திட்டில் மோதி நிற்கும். வசதி மிகுந்த ஆய்வகம் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். சிறிய கல்லூரியின் ஆய்வகம் தாங்காது.

என் பாடமான இயற்பியலில் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1887-ல் மைக்கல்சன், மார்லி என்ற இருவரும் பூமி 'ஈதர்' என்ற ஊடகத்தின் ஊடே செல்வதை அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. அந்த ஏமாற்றத்தை அவர்கள் மறைக்கவில்லை. அளவீடுகளோடு அப்படியே வெளியிட்டார்கள். பின்னர் ஒளியைப் பற்றிய கருத்துகள் மாறியபோது இயற்பியலார் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த சோதனைகளுள் அது ஒன்றாயிற்று. பலிக்காத சோதனையும் அறிவியலின் போக்கைத் திருப்பக் கூடும்.

குறிப்பேடுகளிலிருந்து கற்ற கணினி

'சரி, பலிக்காத சோதனைகளைச் சேர்த்து வைத்தால் உண்மையிலேயே பயன் உண்டா?' என்று நீங்கள் கேட்கலாம். உண்டு என்பதற்கு ஒரு சோதனையே சான்று. அமெரிக்காவில் ஹாவர்ஃபோர்டு என்ற சிறிய கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் பழைய ஆய்வுக் குறிப்பேடுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். படிகம் வளர்க்கச் செய்த ஏறத்தாழ 4,000 வினைகளின் விவரங்களை, பலித்தவை பலிக்காதவை என்ற வேறுபாடின்றி, கணினியில் ஏற்றினார்கள். கணினி அவற்றிலிருந்து கற்றுக்கொண்டு, புதிய வினைகளில் எவை பலிக்கும் என்று முன்கூட்டிச் சொன்னது. அது சொன்னதில் 89 விழுக்காடு சரியாக அமைந்தது. அனுபவமுள்ள வேதியியலாரின் ஊகத்தால் கிட்டிய வெற்றி 78 விழுக்காடு. 2016-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியாயிற்று. வெற்றிகளை மட்டும் காட்டியிருந்தால் கணினி எதைக் கற்றிருக்கும்? எல்லா விடைகளும் 'சரி' என்றே இருக்கும் வினாத்தாளிலிருந்து எந்த மாணவனும் தவறைத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு செய்தி, எண்ணிக்கையின் மயக்கத்தைப் பற்றியது. 2023-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரு தானியங்கி ஆய்வுக்கூடம், 17 நாள்களில், முயன்ற 58 பொருள்களுள் 41-ஐச் செய்துவிட்டது என்று அறிவித்தார்கள். உலகமே வியந்தது. 2024-ல் வேறு வேதியியலார் அந்த அளவீடுகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் புதிய பொருள் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்று வாதிட்டார்கள். அந்த வாதம் எப்படி எழ முடிந்தது? அளவீடுகள் வெளிப்படையாகக் கிடைத்ததனால்தான். எண்ணிக்கை பெருகப் பெருக, மூலப் பதிவுகள் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பது இன்னும் இன்றியமையாததாகிறது.

மறுப்புகள் சில

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவை அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல.

முதல் மறுப்பு: இருக்கிற கட்டுரைகளையே படிக்க முடியவில்லை, தோல்விகளையும் அச்சிட்டால் யார் படிப்பார்கள்? இது நியாயமான கேள்வி. 2002-ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் நெகட்டிவ் ரிசல்ட்ஸ் இன் பயோமெடிசின்' என்ற மருத்துவ இதழ் எதிர்மறை முடிவுகளுக்கென்றே நடத்தப்பட்டது, 2017-ல் நின்றது. ஒவ்வொரு தோல்வியையும் ஒரு கட்டுரையாக எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் அட்டவணையில் ஒரு வரி போதும். எந்தப் பொருள், எவ்வளவு, எந்தக் கரைப்பான், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், என்ன கிடைத்தது? மனிதன் படிக்காவிட்டாலும் கணினி தேடி எடுத்துக்கொள்ளும். 2021-ல் அறிமுகமான 'ஓப்பன் ரியாக்‌ஷன் டேட்டாபேஸ்' என்ற பொது வினைத் தொகுப்பு இதற்கான ஒரு தொடக்கம்.

இரண்டாம் மறுப்பு: பலிக்காமைக்குக் காரணம் செய்தவரின் கவனக்குறைவாக இருந்தால்? ஈரமான குடுவையில் செய்துவிட்டு வினையைக் குறை சொல்லலாமா? கூடாது. அதனால்தான் நிலைமைகளை முழுமையாக எழுத வேண்டும் என்கிறேன். ஒரு முறை செய்ததா, மூன்று முறை செய்ததா என்பதும் வரியில் இருக்க வேண்டும். பலித்த வினைக்கும் இந்த ஐயம் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் மறுப்பு: தனியார் நிறுவனம் தன் செலவில் தேடியதை ஏன் பிறருக்குத் தர வேண்டும்? அதை வற்புறுத்த முடியாதுதான். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் இந்தச் சாக்குக்கு இடமில்லை.

நம் நாட்டில் செய்யத் தக்கவை

நம் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாகக் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருவதற்கு முன் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதித்திருந்தது. 2022-ஆம் ஆண்டின் புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. கட்டுரை வந்தால்தான் பட்டம், வெற்றி பெற்றால்தான் கட்டுரை என்ற நிலையில் ஓர் இளைஞன் என்ன செய்வான்? நேர்மையானவன் வருந்துவான். நேர்மை குறைந்தவன் எண்களைத் திருத்துவான். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் இந்த நெருக்கடியில்தான் கொழுத்தன.

இதற்கிடையே, ஆய்விதழ்களைப் படிக்கவும் நாம் பெரும்பொருள் செலவிடுகிறோம். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்திற்கு மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கலாம். வரவேற்க வேண்டிய திட்டமே. ஆனால் இவ்வளவு செலவிட்டு நாம் வாங்கும் வரைபடத்தில் மணல் திட்டுகள் பெரும்பாலும் குறிக்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தத் திட்டுகளைக் குறிக்கப் புதிய செலவு அதிகம் தேவையில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்க 'ஷோத்கங்கா' என்ற மின்னணுக் களஞ்சியம் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒவ்வொரு வேதியியல் ஆய்வேட்டின் இறுதியிலும் 'பலிக்காத வினைகள்' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதித்தால் போதும். தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்திலிருந்தும் கேள்வி கேட்கட்டும். அதை ஒழுங்காக எழுதியவனுக்கு அதற்கென்று மதிப்புக் கிடைக்கட்டும். சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டிலேயே, நம் கைப்பட, ஒரு பெரிய வரைபடம் உருவாகிவிடும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டிய காரியம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். இந்தப் பழக்கம் பிறப்பது பள்ளி ஆய்வுக்கூடத்தில்தான். தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. உங்களுக்கு 9.3 வருகிறது. உடனே அழிப்பான் வெளியே வருகிறது! அளவீட்டைத் திருத்தி, விடையை வரவழைத்து, மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்த 9.3-க்கு ஒரு காரணம் இருந்திருக்கும். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் விட்டிருக்கலாம். அலைவுகளை எண்ணும்போது ஒன்று விடுபட்டிருக்கலாம். வீச்சு பெரிதாக இருந்திருக்கலாம். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் இயற்பியல். அதை அழித்துவிட்டு 9.8 என்று எழுதுவது எழுத்துப் பயிற்சி மட்டுமே.

ஆசிரியர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. புத்தக விடையோடு ஒத்துப்போவதற்கு மட்டும் மதிப்பெண் தந்தால், அழிப்பானைப் பிடிக்க நாமே கற்றுக் கொடுக்கிறோம் என்று பொருள். ஒத்துப்போகாத விடையை மறைக்காமல் எழுதி, காரணத்தையும் ஆராய்ந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் தருவதில் தவறென்ன?

ஆகவே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்திற்குள் நுழையும்போது கண்டபடியே எழுதுங்கள். தவறான அளவீட்டை அழிக்க வேண்டாம். ஒரு கோடு அடித்து, பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். நிறம் மாறாத கரைசலையும், படியாத வீழ்படிவையும், எரியாத விளக்கையும் தேதியோடு குறித்து வையுங்கள். நாளை நீங்கள் ஆய்வாளராகும்போது அந்தக் கை தானாகவே உண்மையை எழுதும். உங்களுக்குப் பின்னால் வருபவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து மேலே நடப்பார்.